ஆடியில் திறந்த கணக்கு

சாக்கு விற்கிற குடும்பம் என்றால் ஊரில் கொஞ்சம் இளக்காரம் உண்டு. "நகைக்கடைக்காரர் வீட்டம்மா" என்று சொல்லும்போது குரலில் ஏறுகிற மரியாதை, "சாக்குக்கடைக்காரர் வீட்டம்மா" என்னும்போது ஏறுவதில்லை. அதற்கெல்லாம் வாடுகிற ஆள் நானில்லை. எங்கள் பைக்குள் போகாமல் இந்தக் கரையிலிருந்து ஒரு பிடி உப்பு வெளியூர் போக முடியாது. ஸ்ரீவைகுண்டத்து அரிசியும் கடற்கரைக் கருவாடும் எங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் ஊர் பார்க்கக் கிளம்புகின்றன. முத்துக் குளித்த ஊர் என்று எல்லோரும் பெருமை பேசுகிறார்கள், பேசட்டும். முத்தைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? உப்பில்லாமல் ஒரு வேளை சாப்பிட்டவரை எனக்குக் காட்டுங்கள்.

என் மாமனார் சணல் சாக்கோடு தொடங்கிய கடை இது. பிறகு வெள்ளை பிளாஸ்டிக் சாக்கு வந்தது. அதன் பிறகு படம் அச்சடித்த பாக்கெட் பைகள் வந்தன. பை என்றால் அதன்மேல் என்ன படம், என்ன எழுத்து, எந்த நிறம் என்று ஆயிரம் பேச்சு இருக்கிறது. அந்தப் பேச்செல்லாம் மெயிலில்தான் நடக்கும். மின்விசிறிக்கு ரிமோட் வைத்தால்கூட நம்பாத அரிசி மில் அண்ணாச்சி ஒருவர் எங்களுக்காகவே ஒரு மெயில் முகவரி வைத்துக்கொண்டார். படம் போன வழியிலேயே பில்லும் போகத் தொடங்கியது. மாதம் பிறந்தால் யார் எவ்வளவு தரவேண்டும் என்று மெயில் அனுப்பிவிடுவேன். அவர்களும் எங்கள் வங்கிக் கணக்கில் போட்டுவிடுவார்கள்.

மெயில் முழுக்க என் பொறுப்பு. நான் பி.காம். படித்தவள், அதுவும் இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே தபாலில் படித்தவள். என் வீட்டுக்காரருக்குக் குடோன், லாரி, அச்சு மெஷின், வேலையாட்கள். கம்ப்யூட்டர் என்றால் "அது ஒஞ்சோலி" என்று ஒதுங்கிவிடுவார். நல்ல மனிதர், மாடாக உழைப்பவர். ஒரே ஒரு குறை, தான் தப்புச் செய்ததாக அவர் வாயிலிருந்து ஒரு சொல் வராது. நான் ஊருக்குப் போயிருந்த நாளில் தானே சாம்பார் வைத்து, தானே இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டு, "இந்த உப்பு கரிப்பு ஜாஸ்தி" என்று சொன்னவர். உப்பளத்துக் காற்றில் வளர்ந்த மனிதர் இப்படிச் சொன்னால் யாரிடம் போய் முறையிடுவது.

அந்த வருசம் ஆடியில் எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் என் பிறந்த வீட்டுச் சாமிக்குக் கொடைத் திருவிழா. நான் போயிருந்தேன். நான் இல்லாதபோது அவர் ஏதோ ஒரு பில்லைத் தேடி மெயிலைத் திறந்திருக்கிறார். "உங்கள் மெயில் பெட்டி நிரம்பிவிட்டது. இன்று மாலைக்குள் உறுதி செய்யாவிட்டால் முடக்கப்படும்" என்று ஒரு மெயில் வந்து நின்றிருக்கிறது. கெடு என்று ஒன்றைக் கேட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கரண்ட் பில்லோ வீட்டு வரியோ, கடைசித் தேதிக்கு முன்னாலேயே போய் வரிசையில் நிற்கிற பரம்பரை. அது சொன்ன இடத்தில் அமுக்கினார். பாஸ்வேர்டைக் கேட்டது. சாமி பேரும் கடை தொடங்கிய வருசமும்தான் பாஸ்வேர்டு, வீட்டில் எல்லோருக்கும் தெரியும். போட்டார். "நன்றி" என்று பதில் வந்தது. ஒரு கம்ப்யூட்டர் வேலையைத் தனியாக முடித்துவிட்ட திருப்தியில் குடோனுக்குப் போய்விட்டார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் திரும்பி வந்தபோது மெயில் பெட்டி வெறிச்சென்று இருந்தது. வழக்கமாகப் பில் போன மறுநாளே ஆளுக்கொரு பதில் வரும். ஒருவர் சாக்கில் தையல் சரியில்லை என்பார், இன்னொருவர் பத்து நாள் தவணை கேட்பார். அந்த முறை ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆடி மாதம் அல்லவா, எங்கள் கடைவீதியில் ஆடியில் ஈ கூட யோசித்துத்தான் உட்காரும். ஜவுளிக்கடைத் தள்ளுபடிக்கு முண்டியடிப்பார்கள், அது வேறு. புதிதாக ஒன்றைத் தொடங்குவது, கைப்பணத்தை வெளியே எடுப்பது என்றால் "ஆவணி பொறக்கட்டும்" என்பார்கள். எல்லோரும் ஆவணிக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்து நிம்மதியாக ஸ்டாக் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து மில் அண்ணாச்சி போன் செய்தார். ரிமோட்டை நம்பாத அதே அண்ணாச்சி. எடுத்த எடுப்பில் திட்டு.

"ஏம்மா, ஒங்க வீட்ல பெரியவங்கன்னு யாரும் இல்லியா?"

"என்ன அண்ணாச்சி, என்ன ஆச்சு?"

"ஆடியில போயி யாராச்சும் புதுக் கணக்கு தொறப்பாகளா?"

"எந்தக் கணக்கு அண்ணாச்சி?"

"பேங்க் கணக்குதான். பழசுல போடாதீய, இனிமே புதுசுலதான் போடணும்னு மெயில் போட்டிருக்கியே. கணக்குப்பிள்ள வாசிச்சிக் காட்டுனான். நான் சொல்லிட்டேன், ஆவணி பொறந்து நல்ல நாள் பாத்துத்தான் அதுல மொதப் பணம் போடுவேன்னு. ஒங்க மாமா இருந்தா இதுக்கு விட்டிருப்பாரா? புதுசா ஒரு வாரியலக்கூட ஆடியில வாங்க மாட்டாரே அந்த மனுசன்."

வாரியல் என்றால் துடைப்பம். என் மாமனார் அப்படித்தான், நிஜம். நான் புதுக் கணக்கு எதுவும் திறக்கவில்லை என்பதும் நிஜம்.

"அண்ணாச்சி, அத நாங்க அனுப்பல. அதுல ஒத்தப் பைசா போடாதீய. ஆவணியிலயும் போடாதீய."



"அப்பம் யாரு அனுப்புனா?"

"அதத்தான் பாக்கப் போறேன்."

அவருடைய கணக்குப்பிள்ளையிடம் சொல்லி அந்த மெயிலை எனக்கு அனுப்பச் செய்து பார்த்தேன். எல்லாம் எங்களுடையதுதான். எங்கள் முகவரியிலிருந்தே போயிருந்தது. எங்கள் முத்திரை, போன மாதத்துப் பில், அவர் தரவேண்டிய சரியான தொகை எல்லாம் இருந்தன. வங்கிக் கணக்கு எண் மட்டும் எங்களுடையது அல்ல. கூடவே, இன்றைக்குள் செலுத்திவிடவும், கடை போன் பழுதாகியிருப்பதால் மெயிலிலேயே பதில் எழுதவும் என்று ஒரு வேண்டுகோள். மெயில் திருடனை எப்படிக் கண்டுபிடிப்பது என்று இப்போது யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன். அவன் அவசரப்படுத்துவான், வாயைக் கட்டுவான். போனை எடுத்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் அவன் பிழைப்பு முடிந்துவிடும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. மெயில் முழுக்க மரியாதை ஒழுகியது. "தங்கள் மேலான ஒத்துழைப்பை என்றும் நாடும்" என்கிற தோரணையில் இங்கிலீஷ். நான் அப்படி எழுதுகிறவள் இல்லை. "இந்த மாதமும் இழுத்தால் பை கிடையாது" என்பதுதான் என் நடை. இவ்வளவு பணிவாக நான் எழுதியிருக்க முடியாது என்று ஒரு ஆளுக்குக்கூடத் தோன்றவில்லையே என்று எரிச்சலாகவும் இருந்தது.

பாஸ்வேர்டை உடனே மாற்றினேன். வேறு எங்கெல்லாம் எங்கள் மெயில் திறந்து கிடக்கிறதோ அங்கிருந்தெல்லாம் வெளியேற்றினேன். இனிமேல் யார் உள்ளே நுழைந்தாலும் என் செல்போனுக்கு ஒரு எண் வந்து, அதையும் போட்டால்தான் திறக்கும் என்று வைத்தேன். பிறகு அமைப்புகளை ஒவ்வொன்றாகக் குடைந்ததில் திருடன் செய்துவைத்த வேலை தெரிந்தது. பணம், கணக்கு என்ற பேச்சோடு எந்தப் பதில் வந்தாலும் அது என் கண்ணில் படாமல், யாரும் திறக்காத ஒரு மூலைக்குப் போய் விழும்படி கட்டளை போட்டிருந்தான். நான் ஆடி மந்தம் என்று நினைத்த அத்தனை பதில்களும் அங்கே கிடந்தன. அவன் அங்கே உட்கார்ந்து என் பெயரில் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்.

பெரும்பாலோர் பணம் இன்னும் போடவில்லை. சிலர் தவணை கேட்டிருந்தார்கள், சிலர் ஆவணி என்றிருந்தார்கள். பாக்கி தருவதில் எங்கள் வாடிக்கையாளர்கள் காட்டுகிற சுணக்கத்தை வாழ்க்கையில் முதல் தடவையாக வாழ்த்தினேன். கடைசியாக இருந்த ஒரு பதில் மட்டும் வேறு மாதிரி இருந்தது. அது அன்று காலையில் வந்தது.

"அனுப்பியாச்சு. இனிமேல் என்னிடம் இரண்டாம் தடவை கேட்க வேண்டாம்."

முத்தையாபுரத்தில் உப்புப் பாக்கெட் போடும் யூனிட் நடத்துகிற அக்கா எழுதியது. பெண்களை வைத்தே நடத்துகிற இடம். இத்தனை வருசத்தில் அவரிடம் நாங்கள் பாக்கி என்று கேட்டதே கிடையாது. பில் போன சில நாளிலேயே பணம் வந்து சேர்ந்துவிடும். திருடன் மற்றவர்களுக்கு அனுப்பியதைப் போலவே அவருக்கும் "இரண்டாவது நினைவூட்டல்" என்று தலைப்புப் போட்டு ஒன்றை அனுப்பியிருக்கிறான். மற்றவர்கள் நினைவூட்டலுக்கு அசைகிறவர்கள் இல்லை. அக்காவுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. என்னைப் பார்த்தா ரெண்டாம் தடவை கேட்கிறார்கள் என்ற கோபத்தில், போன் கூடப் போடாமல், மறு நிமிசம் பணத்தைக் கட்டிவிட்டார். ஏமாளிதான் ஏமாறுவான் என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எங்கள் வாடிக்கையாளர்களிலேயே நாணயமான ஆள்தான் மாட்டிக்கொண்டார்.

குடோனில் சாக்குக் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் தெரியாது என்றார். பிறகு பெட்டி நிறைந்த கதை மெல்ல வந்தது.

"நெறஞ்சிட்டுன்னு சொன்னான். நான் சரி பண்ணுனேன். அதுல என்ன தப்பு?"

"திருடன் கையில சாவியக் குடுத்திருக்கீய."

அவர் முகம் கறுத்துப்போனது. குரலைத் தாழ்த்தி, "ஏளா, இத யார்ட்டயும் சொல்லாத. பாஸ்வேர்டை மாத்திட்டல்லா, அதோட விடு" என்றார்.

"எப்படி விடுறது? ஊரெல்லாம் நம்ம பேரச் சொல்லி ஒருத்தன் வசூல் பண்ணுதான்."

"ஒனக்குத் தெரியாது. சாக்குக்கடைக்காரன் கணக்குல ஏதோ ஆயிப்போச்சாம்னு ஒருத்தன் வாயத் தொறந்தாப் போதும், சாயங்காலத்துக்குள்ள நான் திவாலாயி மஞ்ச நோட்டீஸ் குடுத்துட்டேன்னு ஆக்கிருவானுவ. நாளைக்கு எவன் நமக்குக் கடனுக்கு ரோல் அனுப்புவான்? அப்பா ஒரு நாளு ஒருத்தன்ட்ட தல குனிஞ்சி நின்னதில்ல."

அவர் பயத்தில் அர்த்தமில்லாமல் இல்லை. எங்கள் வியாபாரம் முழுக்கக் கடனில் ஓடுவது. பை செய்கிற சுருள் கடனுக்கு வரும், பை கடனுக்குப் போகும். நடுவில் நிற்பது கடையின் பெயர் ஒன்றுதான். அந்தப் பெயருக்கு ஒரு கீறல் விழுந்தால் மொத்தமும் சரியும். அதனால்தான் இந்தக் கடைவீதியில் ஏமாந்தவன் எவனும் வெளியே சொல்லமாட்டான். பாக்கி வராமல் போனவன், போலி டிராஃப்ட் வாங்கியவன், எல்லோரும் வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள். திருடனும் அதே தெருவில் அடுத்த கடைக்கு நிம்மதியாகப் போவான். மெயில் திருடனுக்கு இந்த ஊரைப் பற்றி எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் எங்களை முதல் ஆளாகத் தேடி வந்திருப்பான்.

எனக்கு வந்த கோபத்தில் நிறையப் பேசியிருப்பேன். அதற்குப் பதில் கம்ப்யூட்டரைத் திருப்பி, அக்கா எழுதியிருந்த அந்த இரண்டு வரியைக் காட்டினேன். அவர் அதைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டிச் சாவியை எடுத்தார். அக்காவுக்குப் போன் செய்து பார்த்தேன், எடுக்கவில்லை. மறுபடியும் செய்தேன். கட் செய்துவிட்டார். ரோசம் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது.

முத்தையாபுரம் போகிற சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். உப்பும் மண்ணும் கலந்து முகத்தில் அறைந்தது. நான் பின்னால் உட்கார்ந்தபடியே மற்ற வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டேன். மெதுவாகச் சொன்னால் காற்று கொண்டுபோய்விடும், கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"எங்க மெயிலுக்குள்ள திருடன் பூந்துட்டான் அண்ணாச்சி. புதுக் கணக்குன்னு வந்தா நம்பாதீய. கணக்கு மாறுதுன்னா நாங்க நேர்ல வந்து சொல்லுவோம்."

ஒவ்வொரு தடவையும் அவர் தோள் குறுகுவது எனக்குத் தெரிந்தது. ஒரு லாரியைத் தாண்டியதும் தலையைத் திருப்பாமலே, "கோளாறுன்னு மட்டும் சொன்னாப் போதாதா? திருடன் கிருடன்னு எதுக்கு?" என்றார்.

"கோளாறுன்னா தானா சரியாயிரும்னு இருந்துருவாக. ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

அக்காவின் யூனிட்டில் பெண்கள் வாயில் துணி கட்டிக்கொண்டு பாக்கெட்டுகளை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பைகள்தான், நீல நிறத்தில் அலை போட்டவை. அக்கா எங்களைப் பார்த்ததும் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"ரெண்டாந் தடவ கேட்டுட்டீயல்லா. வந்துட்டுல்லா. இன்னும் என்ன வேணும்?"

"அக்கா, நாங்க கேக்கவே இல்லக்கா" என்றேன். முழுவதையும் சொன்னேன். மெயிலை எடுத்துக் காட்டினேன். கணக்கு எண்ணைப் பழைய பில்லோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். அவர் பார்த்தார். பக்கத்தில் இருந்த உப்பு மூட்டையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இந்தப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழம சம்பளம் போடணும். அதுலேர்ந்துதான் எடுத்துக் கட்டுனேன்" என்றார். குரல் மட்டும் உடையவில்லை. உடைய விடுகிற ஆள் அவர் இல்லை.

என் வீட்டுக்காரர் அதுவரை என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். இப்போது முன்னால் வந்தார்.

"அக்கா, அந்தப் பணம் எனக்கு வந்துட்டு."

"வரலன்னு இவ சொல்லுதாளே."

"என் பேரச் சொல்லித்தான கேட்டான்? என் பேருக்கு நீங்க குடுத்தது எனக்கு வந்ததுதான். இந்த மாச பில்லு தீந்துபோச்சு. ரசீது போட்டுத் தாரேன்."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். வழியில் இதைப் பற்றி எதுவும் பேசவில்லை. என்னிடம் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. சின்னத் தொகை இல்லை அது, அந்த மாதம் எங்களைக் கடிக்கும் என்பதும் தெரியும். ஆனாலும் இவரைக் கட்டிக்கொண்டது தப்பில்லை என்று தோன்றியது.

அக்காவுக்கோ கோபம் வந்துவிட்டது. "எனக்குப் பிச்ச போடுதியோ தம்பி? நான் போட்ட பணம், நான் பாத்துக்கிடுதேன்."

"பிச்ச இல்லக்கா, கணக்கு."

"என்ன கணக்கு? தப்பான எடத்துல போட்டது நானு."

இரண்டு பேரும் விட்டால் ஆவணி வரைக்கும் பேசுவார்கள். "சண்டைய பொறவு வச்சிக்கிடலாம். மொதல்ல போன எடுங்கக்கா, நேரம் ஆவ ஆவப் பணம் கை மாறிரும்" என்று அதட்டினேன். இந்த மாதிரித் திருட்டுக்கென்று அரசாங்கம் வைத்திருக்கிற உதவி எண்ணுக்கு அக்காவைப் பேசவைத்தேன். பணம் யார் கணக்கிலிருந்து போனதோ அவர்தான் பேச வேண்டும். எந்த நேரம் போனது, எந்தக் கணக்குக்குப் போனது என்று கேட்டார்கள். அக்கா ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். அவருடைய வங்கிக்கும் சொன்னோம். பிறகு மெயில்களை எல்லாம் அச்செடுத்துக்கொண்டு, மூன்று பேரும் சைபர் குற்றப் பிரிவு காவல் நிலையத்துக்குப் போனோம்.

பணம் என்ன ஆயிற்று என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அதற்காக யாரும் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே சொன்னதால் ஒரு பகுதியை வங்கியில் நிறுத்திவைத்தார்கள், வெகு நாள் அலைந்த பிறகு அது அக்காவுக்குத் திரும்பி வந்தது. மீதி போனது போனதுதான். அதை எங்கள் கடை ஏற்றுக்கொண்டது. அக்கா வேண்டாம் என்றார், ரசீதை அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டோம். எங்கிருந்தோ புரட்டிச் சம்பளத்தைச் சனிக்கிழமையே போட்டார்.

காவல் நிலையத்தில் எங்களுக்கு முன்னால் நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கோப்பு ஒன்றை மார்போடு அணைத்தபடி ஒரு ஓய்வுபெற்றவர், துப்பட்டாவால் பாதி முகத்தை மூடிய ஒரு கல்லூரிப் பெண், கப்பல் வேலைக்கு முன்பணம் கட்டி ஏமாந்தவர்கள் என்று பார்த்தாலே தெரிகிற இரண்டு இளைஞர்கள். பல் பிடுங்க வந்தவர்கள் மாதிரி ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் உள்ளே நுழைந்ததும் தெரிந்த முகம் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு சுற்றுப் பார்த்தார். இருந்தது. கடைவீதியில் எங்களுக்கு நாலு கடை தள்ளி இரும்புச் சாமான் விற்கிறவர், சுவரோரமாகக் குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் இன்னும் குனிந்துகொண்டார். இவரும் துண்டை இழுத்து விட்டுக்கொண்டு தூணுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்.

எங்கள் முறை வந்தது. புகாரைப் பதிந்த அதிகாரி ஒரு பெண், என் மகள் வயதை விடக் கொஞ்சம்தான் கூட இருக்கும். பொறுமையாகக் கேட்டார்.

"பணம் யார் கணக்கிலிருந்து போச்சு?"

"என் கணக்குலேர்ந்து" என்றார் அக்கா.

"அப்போ பாதிக்கப்பட்டவர் நீங்க."

தூணுக்கு அந்தப் பக்கமிருந்து என் வீட்டுக்காரர், "இல்லம்மா, நட்டம் என்னோடது" என்றார்.

"அவரு சொல்லுதத எழுதாதீங்க. நட்டம் எனக்குத்தான்" என்றார் அக்கா.

"அக்கா, நீங்க சும்மா இருங்க."

"நான் எதுக்குச் சும்மா இருக்கணும்?"

அதிகாரி தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. "இங்க வர்றவங்க நட்டம் எதிராளி தலையிலன்னுதான் சண்ட போடுவாங்க" என்றார். "ரெண்டு பேரும் நடந்தத எனக்குத் தெளிவாச் சொல்லுங்க. பணம் அவங்க கணக்கு, சரி. ஏமாந்தது யாரு?"

அந்தக் கேள்வி அறையில் இருந்த எல்லோரையும் ஒரு தடவை தொட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது. இரும்புக் கடைக்காரர் தலையை நிமிர்த்தினார். இந்த மனிதரை எனக்குத் தெரியும். "மெயில்ல ஏதோ கோளாறு" என்பார். "வீட்டம்மாதான் அதெல்லாம் பாக்குது" என்பார். சொன்னால் நான் கோபித்துக்கொள்ளக்கூடாது என்றுகூட அந்த ஒரு நொடியில் முடிவு செய்துகொண்டேன்.

அவர் தூணை விட்டு இந்தப் பக்கம் வந்தார்.

"எழுதுங்கம்மா. ஏமாந்தது நான். பெட்டி நெறஞ்சிட்டுன்னு ஒருத்தன் சொன்னான், நான் யோசிக்காம சாவியத் தூக்கிக் குடுத்துட்டேன். இந்த அக்கா ஏமாறல. எங்க கடையில கேட்டிருக்காகன்னு நம்பிப் போட்டாக. அதுக்குப் பேரு ஏமாத்தம் கெடையாது."

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கோப்போடு உட்கார்ந்திருந்த பெரியவர் மெதுவாக, "எனக்கும் அதே மாதிரிதான் வந்துது தம்பி, பெட்டி நெறஞ்சிட்டுன்னு" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருசத்தில் சாம்பாருக்கும் சாக்குக்கும் ஒரு தடவைகூட ஒத்துக்கொள்ளாத மனிதர், ஊர் பார்க்க நின்று இதைச் சொல்கிறார். பெருமையில் எனக்கு அங்கேயே நாலு பேரைக் கூப்பிட்டு இவர் என் வீட்டுக்காரர் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. எழுந்து போய் அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

"கடை பேரு?" என்று அதிகாரி கேட்டார்.

அவர் தன் அப்பாவின் பெயரோடு சேர்த்துக் கடையின் பெயரை முழுசாகச் சொன்னார், வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி.